மெட்டிக்குத் தனி சைஸ் கிடையாது

அக்கா, அந்த ஷூவை எடுக்காதீங்க.

பக்கத்துல உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தி இப்படிச் சொல்றாளேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க அதைப் போட்டுக்கிட்டு ரெண்டடி நடந்ததும் உங்க முகம் எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி சுருங்குச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். வலி பெருவிரல்ல இல்ல, அதுக்கு அடுத்த விரல்ல. மெட்டி இருக்கிற விரல்ல. சரியா?

எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எனக்கும் இதே கடையில, இதே பெஞ்சுல, இதே விரல்லதான் வலிச்சது.

உட்காருங்க. கடைக்காரப் பொண்ணு எங்க வீட்டுக்காரருக்கு வேற சைஸ் எடுத்து வர உள்ள போயிருக்கு, வர நேரமாகும். அதோ, அந்த மூலையில பாறை மாதிரி செஞ்சு வச்சிருக்காங்களே, ஷூ போட்டு ஏறிப் பாக்குற சரிவு, அதுக்குப் பக்கத்துல ஒரு கால்ல ஷூவும் ஒரு கால் வெறுமனேயும் நிக்கிறார் பாருங்க, நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர்தான். நீங்க அவர் காலைப் பார்த்தீங்க, பார்த்துட்டு சட்டுன்னு மேல ஃபேனைப் பார்த்தீங்க. பரவாயில்ல, தாராளமா சிரிங்க. ஆமாம், மெட்டிதான். என் மெட்டி. ரெண்டு கால்லயும் போட்டிருக்கார். நாங்க உள்ள வந்ததிலேருந்து இந்தக் கடையில எல்லாரும் ஃபேனைத்தான் பாக்குறாங்க.

முதல்லேருந்து சொல்றேன். உங்களுக்கு ஷூ எடுக்கவும் உதவும்.

என் பேரு சிவரஞ்சனி. எங்க ஊரு கிருஷ்ணகிரி தாண்டி உள்ளே. ஊர்ப் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது, தெரியுற அளவுக்கு ரோடும் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவது வரைக்கும். அது எதுவரைக்குமோ நானும் அதுவரைக்கும். தன்சிகான்னு ஒரே பொண்ணு, யூகேஜி படிக்கிறா. எங்க வீட்டுக்காரர் மாங்காய் மண்டியில எடை போடுறவர். மாங்காயிலயே வேலை பாக்குறார், ஆனா மாமரத்துல ஏறச் சொன்னா மட்டும் ஏற மாட்டார். பரண்ல இருக்கிற அண்டாவை எடுக்கணும்னாலும் நான்தான் ஏறணும், அவர் கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சுக்குவார். பிடிக்கிறதும் கண்ணை மூடிக்கிட்டுத்தான். அப்படியொரு பயம் உயரம்னா.

ஊருக்குப் பின்னால கூகைப்பாறைன்னு ஒரு குன்று. அங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பெங்களூர்லேருந்து பிரதீபா மேடம்னு ஒருத்தங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வருவாங்க. அடிவாரம் வரைக்கும் முள்ளும் சரளையுமா நடை, அப்புறம் கயிறு கட்டிப் பாறை ஏத்தம். அவங்களுக்கு நான்தான் சமையல். காலையில உப்புமா, மத்தியானம் எலுமிச்சம் சாதம். ஒரு நாள் குரங்கு ஒண்ணு ஒரு பொண்ணோட கண்ணாடியைத் தூக்கிட்டுப் பாறை இடுக்குல கொண்டு போய் வச்சிடுச்சு. அந்தப் பொண்ணு அழுவுது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மளமளன்னு ஏறி எடுத்து வந்துட்டேன். மேடம் பாராட்டுவாங்கன்னு பார்த்தா, உப்புமா கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டு அடிக்க வராங்க.

"கயிறு இல்லாம ஏர்றியா நீ? விழுந்தா யாரு பதில் சொல்றது? உன் பாப்பாக்கு யாரு சோறு ஊட்றது?"

அவங்க தமிழ் அப்படித்தான் இருக்கும், ஆனா சொல்றது சரியா இருக்கும். திட்டி முடிச்சு, தண்ணி குடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "ரஞ்சனி, சமையல் வேற யாராச்சும் பண்ணட்டும். நீ பொண்ணுங்களோட ஏர்றதுக்கு வா. நான் சொல்லித் தரேன். ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட். பாஸ் ஆனா வேலை உனக்கு. ஆனா வெறுங்கால் நோ. ஷூ வேணும்."

எனக்கு ஏறணும்னு ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா. உப்புமா அடுப்புப் பக்கம் புகை ஜாஸ்தி, பாறை மேல புகை இல்ல. அவ்வளவுதான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

சரி, ஷூ வேணும். சந்தையில போய் ரோஸ் கலர்ல ஒண்ணு எடுத்தேன். அழகுன்னா அழகு. தன்சிகாவுக்கு எதை வாங்கினாலும் வளர்ற பிள்ளைன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கி வாங்கி, கை பழகிப்போச்சு. எனக்கும் பெருசாவே எடுத்துட்டேன். எனக்கு இன்னும் எங்க வளரப் போகுதுன்னு அப்ப தோணல. நுனியில பழந்துணியைத் திணிச்சுக்கிட்டுப் போனேன். அடி சோல் மெத்தை மாதிரி மெத்து மெத்துனு இருக்கு. தரையில நடந்தா சொர்க்கம். பாறையில வச்சா, ஷூ ஒரு பக்கம் வளையுது, கால் ஒரு பக்கம் போகுது. வாழைப்பழத் தோல் மேல நிக்கிற மாதிரி. மேடம் அதைக் கழட்டச் சொல்லி, கையில வாங்கி, ரெண்டா மடிச்சுக் காட்டினாங்க. சப்பாத்தி மாதிரி மடங்குது.

"இது ஓடுறது ஷூ. ஏர்றது ஷூ இல்ல. உனக்கு அப்ரோச் ஷூ வேணும்."

அப்ரோச்சுன்னா எனக்குத் தெரிஞ்சது அப்ரோச் ரோடுதான். எங்க ஊர் ஆத்துல பாலம் கட்டி வருஷக்கணக்கா ஆகுது. பாலம் ஜோரா நிக்குது, ரெண்டு பக்கமும் ஏறிப் போறதுக்கு ரோடு மட்டும் போடல. கேட்டா "அப்ரோச் ரோடு சாங்ஷன் ஆகல"ன்னு சொல்லுவாங்க. நாங்க ஆத்துல இறங்கி, பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டே போவோம். வீட்டுக்குப் போய் அப்ரோச் ஷூ வேணும்னேன். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டே, "பாலத்துக்கே அப்ரோச் இல்ல, உன் காலுக்கு அப்ரோச்சா?"ன்னார். அத்தைக்குப் புரையேறிடுச்சு. அத்தைன்னா என் மாமியார்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா அதேதான் அக்கா அர்த்தம். பாறை பாலம் மாதிரின்னு வச்சுக்குங்க. அதுகிட்ட போய்ச் சேர்றதுக்கு ஒரு வழி நடக்கணும்ல, முள்ளு, சரளை, ஏத்த இறக்கம். அதுக்குத்தான் இந்த ஷூ. நடந்து போகவும் ஆகணும், போய்ச் சேர்ந்த பிறகு லேசான பாறையா இருந்தா அதோடயே ஏறவும் ஆகணும்.

அப்படித்தான் ரெண்டு பேரும் இந்தக் கடைக்கு வந்தோம். இந்தப் பொண்ணுதான் எங்களுக்கும் எடுத்துக் காட்டுச்சு. முதல்ல பூட்ஸ். நீங்க இப்ப மடியில வச்சிருக்கீங்களே, அதுவேதான். கணுக்காலுக்கு மேல ஏறி நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போச்சு. "இதுவே எடு. காலே தெரியல, அடிபடாது"ன்னார். அதோட விட்டாரா? "ஏம்மா, இன்னும் கொஞ்சம் மேல, முழங்கால் வரைக்கும் மூடுற மாதிரி இருக்கா?"ன்னு கேக்குறார். அந்தப் பொண்ணு, "அது தீயணைப்புத் துறையில போடுவாங்க அண்ணா"ன்னுச்சு. எனக்கு மானம் போச்சு. ஷூவைப் பத்தி ஒண்ணும் தெரியாத மனுஷன்.

பூட்ஸ் நல்ல ஷூதான். தோள்ல மூட்டையை வச்சுக்கிட்டு நாள் பூரா நடக்கிறவங்களுக்கு அது சரி. ஆனா அதைப் போட்டுக்கிட்டு அந்தச் சரிவுல ஏறினேன், பாறை எங்க இருக்குன்னு காலுக்கே தெரியல. சட்டி மேல நிக்கிற மாதிரி இருந்தது. அடுத்து பாறை ஏறுறதுக்குன்னே ஒண்ணு காட்டுச்சு. நுனி கிளி மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கு. விரலெல்லாம் மடங்கி உள்ள கும்பிடுது. அதுல பாறையில நிக்கலாம், வீட்டுலேருந்து பாறைக்கு நடக்க முடியாது. யாராவது தூக்கிட்டுப் போய் விடணும்.

மூணாவதாத்தான் இது வந்துச்சு. பாருங்க, நான் இன்னைக்குப் போட்டிருக்கேனே, இதுதான். அடியைத் திருப்பிக் காட்டறேன். பின்பக்கம் கட்டை கட்டையா இருக்கு, சரளையில இறங்கும்போது பிடிக்க. நுனியில மட்டும் கட்டை இல்லாம வழவழன்னு இருக்கு பாருங்க. முதல்ல நான் தேய்ஞ்சுபோன பழைய சரக்குன்னு நினைச்சுச் சண்டைக்குப் போனேன். அப்புறம் அந்தப் பொண்ணு சொல்லுச்சு: அந்த இடம்தான் பாறை விளிம்புல ஒட்டி நிக்கிற இடம், அது வழவழன்னுதான் இருக்கணும்னு. விரலுக்கு மேல ரப்பர் சுத்தியிருக்கு, உரசினா தோல் போகாது. லேஸ் நுனி வரைக்கும் வருது, வேணுங்கிற அளவு இறுக்கிக்கலாம். சாயந்தரமா வந்து எடுக்கணும், அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். எந்த சாக்ஸ் போடப் போறோமோ அதைப் போட்டுக்கிட்டுப் பார்க்கணும். ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது, இறங்கும்போது விரல் போய் முட்டக் கூடாது. இதெல்லாம் அந்தப் பொண்ணு சொன்னது, நான் கண்டுபிடிச்சது இல்ல.

எங்க வீட்டுக்காரர் விலைச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் வேற விலை இருக்குமோன்னு. விலையை உங்ககிட்ட சொல்ல மாட்டேன், அத்தைகிட்ட வேற விலை சொல்லியிருக்கேன், குழப்பம் ஆகிடும்.

ஆறாம் நம்பர் போட்டேன். கையுறை போட்ட மாதிரி உட்கார்ந்துச்சு. சரிவுல ஏறினேன். முகம் சுருங்கிப் போச்சு, இப்ப உங்களுக்கு ஆன மாதிரி. மெட்டி, அக்கா. மூணு சுத்து மெட்டி, கல்யாணத்தன்னிக்கு மாட்டினது. நுனியில ஊன்றி நின்னா அது ரெண்டு பக்கமும் விரலைக் கடிக்குது. சரின்னு ஏழாம் நம்பர். மெட்டிக்கு நிம்மதி. ஆனா சரிவுல நின்னா ஷூ நிக்குது, நான் ஷூவுக்குள்ள சறுக்குறேன். குதிகால் வேற கிளம்பிக் கிளம்பி வருது. அந்தப் பொண்ணைப் பார்த்து, "இடையில ஒண்ணு இல்லையா?"ன்னு கேட்டேன்.

"அரை சைஸ் இருக்குக்கா, ஆனா அதுலயும் கடிக்கும். மெட்டிக்குத் தனி சைஸ் கிடையாது"ன்னு சொல்லிடுச்சு.

எங்க வீட்டுக்காரர், "ஏழையே எடு. மெட்டியைக் கழட்டறது கிழட்டறதுன்னு பேச்சு வரக் கூடாது"ன்னார். ஏழாம் நம்பரைப் போட்டா பாறையில வழுக்கும், டெஸ்ட்டு போச்சு, மறுபடியும் உப்புமா. நான் என்ன செஞ்சேன், "சரிங்க, நீங்க சொன்னா சரிதான்"னு ரொம்ப அடக்கமா சொல்லி, அவரை பில்லு போட அனுப்பிட்டு, அந்தப் பொண்ணு காதுல, "பெட்டியில ஆறைப் போட்டுடு கண்ணு"ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே போட்டுடுச்சு.

வீட்டுக்கு வந்து, குளிக்கிற இடத்துல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, சோப்பைக் குழைச்சு ரெண்டு மெட்டியையும் உருவிட்டேன். விரல்ல வெள்ளையா ஒரு தடம். இப்ப அதை மறைக்கணும். அதனால வீட்டுக்குள்ளயே சாக்ஸ் போட ஆரம்பிச்சேன். எங்க ஜில்லாவுலயே சாக்ஸ் போட்டுக்கிட்டுக் களி கிண்டின மருமகள் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அத்தை கேட்டாங்க: "இன்னாத்துக்குடி காலுக்கு உறை?"

"பழக்கம் பண்ணிக்கணும் அத்தை, மேடம் சொன்னாங்க."

"மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுமா பழக்கம் பண்ணச் சொன்னாங்க?"

மெட்டியை எங்க ஒளிச்சு வச்சேன் தெரியுமா? அஞ்சறைப் பெட்டியில, வெந்தயத்துக்கு அடியில. எங்க வீட்ல சமைக்கிறது நான், வெந்தயத்துல யாரு கை வைக்கப் போறாங்கன்னு தைரியம். ஆனா நான் கடைசி ரெண்டு வாரமா கயிறு முடிச்சு போட்டுப் பழகறேன்னு சாயந்தரமெல்லாம் பாறையிலயே கிடந்தேனா, ஒரு நாள் அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு அவங்களே குழம்பு வச்சிட்டாங்க. நான் வாசல்ல வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கேன், உள்ள சட்டி காயுற வாசம். கடுகு வெடிக்குது. வெந்தயம் விழுந்த சத்தம். அதோடயே 'டங்'னு ஒண்ணு. திரும்பவும் ஒரு 'டங்'.

நான் அப்படியே ஓடியிருக்கலாம். லேஸ் நுனி வரைக்கும் இருக்குன்னு சொன்னேன்ல, கழட்ட நேரமாகும், திரும்பக் கட்டவும் நேரமாகும்.

அத்தை கரண்டியில மெட்டியை ஏந்திக்கிட்டு வந்தாங்க. எண்ணெய் சொட்டுது, மேல ரெண்டு கடுகு ஒட்டியிருக்கு. "இது இன்னா கொழம்புடி?"ன்னாங்க.

அப்புறம் ஆரம்பிச்சது. "என் புள்ள வெயில்ல மூட்டைகிட்ட நின்னு உழைக்கிறவன். லாரி வர்ற இடம், போற இடம். அவனுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? பாறை வேணுமா, புருஷன் வேணுமா?" தன்சிகா நடுவுல, "பாறை!"ங்குது. அதுக்கு ஒரு அடி. அது அழ, நான் சமாதானம் பண்ண, குழம்பு தீய, அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

விஷயத்தைக் கேட்டுட்டுச் சத்தம் போடுவார்னு பார்த்தேன். போடல. உட்கார்ந்து, தரையையே பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை போகாத"ன்னார்.

"மெட்டிக்காகவா?"

"ஆமாம், மெட்டிக்காகத்தான்."

"அதான் கிடைச்சிடுச்சே. ஏறி முடிச்சிட்டு வந்து போட்டுக்கிறேன்."

"கயிறு அறுந்துதுன்னா?"

மெட்டியைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம், நடுவுல கயிறைக் கொண்டு வர்றார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பேச்சுல நிக்கத் தெரியாது. எனக்கு ஆத்திரம். ஒரு மாசமா கை தோல் உரிஞ்சு பழகியிருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமை போகலன்னா மேடம் வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. ஆசைக்காக இல்லக்கா, ஒரு வேலை கைக்கு வந்துட்டு நழுவுதுன்னா யாருக்கும் இருக்கும்ல.

"மெட்டி யாருக்காகப் போடறது? உங்களுக்காகத்தானே? உங்க உசுருக்குக் காவல். காவக்காரன் எதுக்கு என் கால்ல உட்கார்ந்திருக்கணும்? உங்க கால்லயே உட்காரட்டும். நீங்களே போட்டுக்குங்க!"

கோபத்துல வந்த வார்த்தை. சொல்லிட்டு நானே பயந்துட்டேன். அத்தை வாயைத் திறந்தாங்க, மூடினாங்க. மறுபடியும் திறந்தாங்க. அவங்க எதையும் யோசிக்காம விட மாட்டாங்க.

"ஆம்பிள போடக் கூடாதுன்னு எங்கயாவது இருக்குதா?"ன்னு என்னைக் கேட்டாங்க.

"தெரியல அத்தை. பத்தாவது வரைக்கும் அந்தப் பாடம் வரல."

அத்தை எங்க வீட்டுக்காரரைப் பார்த்தாங்க. கையில இருக்கிற மெட்டியைப் பார்த்தாங்க. "மெட்டி வூட்ல ஒரு கால்ல இருந்தா சரி. யாரு காலுன்னா என்ன. நீட்றா காலை"ன்னாங்க.

நீட்டிட்டாரு அக்கா! ஒரு பேச்சு மறுத்துப் பேசல. நான் பாட்டுக்கு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன். அத்தை கொறடால சுத்தை லேசாப் பிரிச்சு விட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, மந்திரம் சொல்ற மாதிரி எதையோ முணுமுணுத்துக்கிட்டே ரெண்டு விரல்லயும் ஏத்திவிட்டாங்க. தன்சிகா கைதட்டி, "அப்பா கல்யாணப் பொண்ணு!"ங்குது.

ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டுக்கு அவரும் வந்தார். அடிவாரத்துல செருப்பைக் கழட்டிட்டு நின்னார், கோயிலுக்கு வந்த மாதிரி. மேடம் அவர் காலைப் பார்த்துட்டு மரத்தைப் பார்த்தாங்க, அங்க ஃபேன் இல்ல. மேடம்கிட்ட போய், "கயிறு புதுசுங்களா? அந்தக் கொக்கி எந்த ஊர்ல செஞ்சது?"ன்னு எடை போடுற மாதிரி ஒவ்வொண்ணாக் கையில வாங்கிப் பாக்குறார். அவங்க பொறுமையா எல்லாத்தையும் சொன்னாங்க. நான்தான் கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

ஏறினேன். பாதிப் பாறையில ஒரு இடம், கைக்கு ஒண்ணும் கிடைக்காது, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு மட்டும். அதுல ஷூ நுனியை வச்சு, முழு உடம்பையும் அது மேல ஏத்தணும். வச்சேன். விரலும் ஷூவும் பாறையும் ஒண்ணா நின்னுச்சு. ஏழாம் நம்பரா இருந்திருந்தா அங்கேயே கயித்துல தொங்கியிருப்பேன். மேல போய் உட்கார்ந்தேன். கீழ எங்க பாலம் தெரியுது, அந்தப் பக்கம் ரோடு இல்லாம, இந்தப் பக்கம் ரோடு இல்லாம. மேடம் "இறங்கு, இறங்கு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன். ஆசையெல்லாம் இல்ல, காத்து நல்லா வந்துச்சு.

எட்டிப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் பாறைக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ரெண்டு கையாலயும் ரெண்டு கால் விரலையும் பிடிச்சுக்கிட்டு இருக்கார். அவர் காலுக்குப் புதுசுல்ல, கடிச்சிருக்கும். பாவமா இருந்துச்சு.

வேலை எனக்குத்தான். இப்ப பொண்ணுங்களுக்கு முன்னாடி நான்தான் போறேன். உப்புமாவை இப்ப வேற ஒரு அம்மா கிண்டறாங்க, உப்பு கொஞ்சம் கம்மி.

டெஸ்ட்டு முடிஞ்சதும் மெட்டியைக் கழட்டித் தரச் சொன்னேன். "வரல"ன்னார். சோப்பு போடலாம்னேன். தொடறதுக்கு முன்னாடியே "ஐயோ, வலிக்குது, இறுகிடுச்சு"ன்னு ஒரே கத்தல். ஆசாரிகிட்ட போய் வெட்டிடலாம்னா, வெள்ளியை வெட்டக் கூடாதாம். எந்த ஊர்ச் சட்டமோ. மண்டியில சும்மா விடுவாங்களா? அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏம்ப்பா சென்றாயா, மாப்பிள்ளை எந்த ஊரு?"ங்கிறாங்களாம். "சீமந்தம் எப்ப?"ங்கிறாங்களாம். மனுஷன் எதுக்கும் அசையல. எடைக்கல்லு மாதிரி நிக்கிறார். நானும் கவனிச்சிட்டேன், மத்த நாள்ல அந்த மெட்டி இருக்கிறதையே மறந்துடுவார். ஞாயித்துக்கிழமை நான் கிளம்பினாத்தான் குனிஞ்சு குனிஞ்சு விரலைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வலி எடுக்குது போலிருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாம்னாலும் கேக்கல.

போன வாரம் சொல்றார்: "எனக்கும் ஒரு ஷூ வேணும். மண்டியில கிண்டல் பண்றாங்க, காலை மறைக்கணும்." நியாயம்தானே? அதுக்கு ரப்பர் ஷூ ஒண்ணு சந்தையிலேயே கிடைக்கும். இல்லயாம், உன்னுது மாதிரிதான் வேணுமாம்.

இப்ப சொல்றேன் பாருங்க, இதுதான் கதையே. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முந்தாநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தார். குறட்டைகூட விட்டார். நான் மெதுவா போய், இறுகிடுச்சுன்னாரே, என்னதான் ஆச்சுன்னு மெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சோப்பு இல்ல, எண்ணெய் இல்ல. தொட்டதும் வழுக்கிக்கிட்டு என் கையில வந்துடுச்சு! ரெண்டும்! எத்தனை நாளா ஏமாத்தியிருக்கார் பாருங்க.

அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளிச்சமாச்சு. ஷூ ஆசை! என் ஷூவைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்திருக்கு. வாய்விட்டுக் கேக்க வெக்கம். அதுக்கு மெட்டி ஒரு சாக்கு. ஆம்பிளைங்க மனசுல இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்லக்கா, கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான். சரி, கேவலப்படுத்த வேணாம்னு ஒண்ணும் தெரியாத மாதிரி ரெண்டையும் திரும்ப மாட்டி விட்டுட்டேன். அதுலயும் ஒரு கூத்து. அவ்வளவு தூக்கத்துலயும், நான் மாட்டும்போது விரலை லேசாத் தூக்கிக் குடுத்தார். காலுக்கு அவ்வளவு பழகிப்போச்சு.

இதோ, பொண்ணு வந்துடுச்சு. ஒன்பதாம் நம்பர். என்ன சொல்லுதுன்னு கேளுங்க. "அண்ணா, அதைக் கழட்டிட்டா எட்டே சரியா இருக்கும்." பார்த்தீங்களா, "வராதும்மா, இறுகிடுச்சு"ங்கிறார். முகத்துல ஒரு மாற்றம் இல்ல. சிரிச்சுடாதீங்க அக்கா, நான் மாட்டிக்குவேன்.

என்னங்க? ஆங்? நாளைக்கு நான் ஏறப் போற பாறை இந்தச் சரிவு மாதிரி இருக்குமாவா? இதைவிடச் செங்குத்துங்க! இது குழந்தைங்க சறுக்குறது! கீழ இருந்து பாதி வரைக்கும் மட்டும் கூட வரலாமான்னா... என்னங்க கேள்வி இது? யாரு வர்றதுக்கு? நீங்க முதல்ல லேஸைக் கட்டுங்க!

பார்த்தீங்களா, ஏறுறார். கைப்பிடியை எப்படிப் பிடிச்சிருக்கார் பாருங்க, கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. தோ, இறங்கிட்டார். சரி, எடுத்துக்கலாம்னு சொல்லுவார்னு பார்த்தா, இல்ல, மறுபடியும் ஏறுறார்.

மண்டிக்குப் போட்டுக்கிட்டுப் போற ஷூவுக்கு ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் பாறையில ஏறிப் பார்ப்பார், நீங்களே சொல்லுங்க அக்கா.